கண்ணுக்குள் வில்லை செலுத்தும் கருவி: எதற்கு இந்தக் கூடுதல் பணம்?

இடம்பெயர்ந்து வந்து கடுகண்ணாவையில் வாடகை வீட்டில் தங்கியிருக்கும் விவசாயக் குடும்பமொன்று அண்மையில் எம்மிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தது. அம்மம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குத் தனியார் வைத்தியசாலை ஒன்றில் எழுதிக் கொடுத்த செலவு விபரம் அது. மூன்று விலைகள். ஆகக்கூடிய விலைக்கு நேரே, ‘வில்லை ஏற்றப்பட்ட இன்ஜெக்டர்’ என்றிருந்தது. ஊர் திரும்பினால் விதைநெல் வாங்கவென்று வைத்த பணத்தை இதற்கு எடுப்பதா என்பதே மகனின் கேள்வி.

இன்ஜெக்டர் என்பது வில்லையன்று. வில்லையைக் கண்ணுக்குள் செலுத்தும் குழாய்க் கருவி. 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்த செயற்கை வில்லை கடினமான பிளாஸ்டிக்கினால் ஆனது. இன்றும் பாவனையிலுள்ள கடின வில்லை ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலம், மடியாது, வெட்டும் அந்த அளவு வேண்டும். பிறகு வந்த மென்வில்லையைச் சுருட்டலாம். பாயைச் சுருட்டி ஒடுங்கிய வாசலால் கொண்டுபோய் உள்ளே விரிக்கிறோமல்லவா? அதுபோல 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த துளையால் அதனைச் செலுத்தவே இன்ஜெக்டர்.

ஊசிமருந்து ஏற்றுவதுபோல் ஒரு கையால் தள்ளுவது ஒருவகை. வைத்தியரின் மறுகை வேறு வேலைக்கு உதவும். திருகும் வகைக்கு இரு கைகளும் வேண்டும். ஆனால் வில்லை பாயாமல் மெதுவாக இறங்கும். உலோகத்தாலான கருவியைக் கிருமிநீக்கி மீண்டும் பாவிக்கலாம், செலவு குறையும். ஒழுங்காகக் கழுவாமல் பழைய ஜெல் உள்ளே தங்கினால் அடுத்தவர் கண்ணில் அழற்சி வரக்கூடும். வில்லை ஏற்றியே வரும் கருவியில் கைபடுவது குறைவு, தலைகீழாக ஏற்றும் தவறும் குறைவு. ஒருமுறையோடு எறிவதால் விலை கூடியது. இவை வைத்தியரின் வசதியையும் பாதுகாப்பையும் பற்றியவை. கூடுதல் பணத்துக்குக் கூடுதல் பார்வை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

இன்ஜெக்டரே தேவைப்படாத முறையும் உண்டு. தையலில்லாமல் தானே மூடிக்கொள்ளும் வெட்டினால் கையாலேயே புரையை எடுத்து, கடின வில்லையை வைப்பர். நேபாளத்தில் இம்முறையையும் இயந்திர முறையையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில் இரண்டிலும் நல்ல பார்வையே கிடைத்தது. கைமுறை விரைவானதும் மலிவானதுமாயிருந்தது. மதுரையில் 1992இல் தொடங்கிய ஓரோலாப் மலிவாக வில்லைகளைச் செய்த பின்னரே ஏழைகள் பலருக்கு இச்சிகிச்சை எட்டியது.

எனவே மகனிடம் நாம் சொன்னது: முதலில் கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. எங்கே செய்தாலும், கண்ணை அளந்து வில்லையின் பவரைக் கணித்தார்களா என்று கேளுங்கள். பவர் பிழைத்தால் எந்த இன்ஜெக்டரும் உதவாது. சீனி வியாதி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வைத்தியர் சம்மதிக்கும்வரை வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவ வேண்டாம்.

வில்லையின் பெயரும் பவரும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டை, காணி உறுதியோடு ஒரே பையில் வையுங்கள். நாளை வேறு மாவட்டத்துக்குப் போனால், அங்குள்ள வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.