போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் உடையும் என்ற கதை

கொச்சி – தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழையும் இடம் போடிமெட்டு. தேனி மாவட்டம் முடிந்து இடுக்கி மாவட்டம் தொடங்கும் இந்த மலைமுகட்டிலிருந்து பூப்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல் வரை சாலையோரப் பலகைகளைப் பார்த்தால் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும், பல இடங்களில் ஒரே பலகையில் இரண்டும் இருக்கும். ஏலக்காய்க் கடை, தங்கும் விடுதி, கோயில் கொடை, கல்யாண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே ஏதோ ஒரு டிசைன் கடையில் போட்டோஷாப்பில் பிறந்தவை. அந்தக் கடைகளிலும், அங்கே வேலைக்குப் பையன்களைத் தயார் செய்யும் கணினிப் பயிற்சி மையங்களிலும் ஒரு வாக்கியம் பாடமாகவே ஓதப்படுகிறது: “போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழ் உடையும், பாமினிதான் ஒரே வழி.” பாமினி என்பது யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. இந்த வாக்கியத்தைப் போடியிலும் கேட்கலாம், மதுரையிலும் கேட்கலாம், யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம். ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது, இன்று முழுப் பொய். பொய்யென்று காட்டிய பிறகும் சொல்பவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் இந்த முறை பொறுமையை ஓரமாக வைத்துவிட்டு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், ‘உடைவது’ என்று எதைச் சொல்கிறோம்? போடிமெட்டு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளலாம், சோதனைக்கு இதைவிட வாகான சொல் கிடைக்காது. யூனிகோட்டில் இதற்கு 10 குறியீடுகள். ‘ப’ முதலில் வரும், அதன் பின் ஓகாரக் குறி. ‘ட’, பின் இகரக் குறி. ‘ம’, பின் எகரக் குறி. இப்படியே ‘டு’ வரை போகும். நாம் உச்சரிக்கும் வரிசையில்தான் கணினி சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் வேலை இருக்கிறது. ‘மெ’ என்பதில் கொம்பு மகரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ‘போ’ என்பதில் குறி இரண்டாகப் பிரிந்து, இரட்டைக்கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் உட்கார வேண்டும். ‘டு’ தனி வடிவம் எடுக்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்துக்கோப்புப் பொறி. ஆங்கிலத்துக்காக மட்டும் எழுதப்பட்ட பொறிக்கு இது தெரியாது. வந்த வரிசையில் அப்படியே அடுக்கும், கொம்பு மகரத்துக்குப் பின்னால் தொங்கும், ஓகாரக் குறி புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும். அதாவது, கோப்பில் உள்ள தமிழ் ஒழுங்காகவே இருக்கிறது, காட்டத் தெரியாதது பொறிக்குத்தான். அதே வரியை நகலெடுத்து பிரவுசரில் ஒட்டினால் சரியாகத் தெரியும். இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்திருந்தால்கூட இந்த வதந்தி இத்தனை வருடம் ஓடியிருக்காது.

கதை எங்கிருந்து பிறந்தது என்பதும் தெரிந்ததுதான். 2002-ல் வந்த போட்டோஷாப் 7.0, 2007-ல் வந்த சிஎஸ்3 ஆகியவற்றின் சாதாரணப் பதிப்புகளில் இந்திய எழுத்துகளுக்கான பொறி கிடையாது. அங்கே தமிழ் உடையத்தான் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கிரியேட்டிவ் கிளவுட் காலத்தில் அடோபி ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்ற எழுத்துப் பொறியை மென்பொருளுக்குள்ளேயே வைத்துவிட்டது. கன்ட்ரோல்-கே அழுத்தினால் பிரிபரன்சஸ் திறக்கும். அதில் டைப் என்ற பகுதிக்குப் போய் அந்தப் பொறியைத் தேர்ந்து, மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்க வேண்டும். அண்மைப் பதிப்புகளில் பொறிகள் ஒன்றாக்கப்பட்டுவிட்டதால் அந்தத் தேர்வே தேவையில்லை. பாராகிராஃப் பலகத்தின் மூலையில் உள்ள மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தால் போதும். “நான் போட்டுப் பார்த்தேன், அப்போதும் உடைந்தது” என்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஏற்கெனவே தட்டிய லேயர் பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அந்த லேயரைத் தேர்ந்து அதற்கும் தனியாக மாற்ற வேண்டும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு ஜிம்ப் இருக்கிறது, இங்க்ஸ்கேப் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்தமூலப் பொறியைப் பயன்படுத்துகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் தமிழைக் கோத்துக் காட்டுவது இதே பொறிதான். கைபேசியில் நாள் முழுக்க யூனிகோட்டில் அரட்டையடித்துவிட்டு, கணினிமுன் உட்கார்ந்ததும் “யூனிகோடு சரிப்படாது” என்பவர்களை என்ன சொல்வது?

பாமினியைக் காப்பாற்ற வருபவர்கள் அது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பாமினிக் கோப்பில் தமிழ் இல்லை, இருப்பது ஆங்கில எழுத்துகள். தமிழ் என்ற சொல்லை அதில் எழுதினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். ஷார்ட்கட் வித்தைகளில் ஆர்வமுள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கலாம்: பாமினி வரி ஒன்றைத் தேர்ந்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கே அழுத்துங்கள். எழுத்து லேயருக்குள் இருக்கும்போது அது எல்லாவற்றையும் ஆங்கிலப் பேரெழுத்தாக்கும் கட்டளை. உடனே ‘ப’ எல்லாம் ‘பு’ ஆகும், ‘ம’ எல்லாம் ‘மு’ ஆகும், ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகும். யூனிகோடு வரியில் இதே கட்டளை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் தமிழில் பேரெழுத்து கிடையாது. இப்போது சொல்லுங்கள், எது உடைகிறது?

எல்லைப் பகுதிக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. பழைய மலையாள எழுத்துருக்களும் இதே வேடம் போட்டவைதான். தமிழ்ப் பாமினியும் மலையாளத்தின் பழைய எம்எல்-டிடி வகை எழுத்துருக்களும் ஒரே ஆங்கில எழுத்துகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. இருமொழிப் பலகையில் எல்லா வரிகளையும் ஒன்றாகத் தேர்ந்து எழுத்துருவை மாற்றினால் மலையாள வரி அர்த்தமற்ற தமிழாகவும், தமிழ் வரி அர்த்தமற்ற மலையாளமாகவும் மாறும். மூன்றாவது மொழியாக ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதுவும் கூடவே பலியாகும். 1991-ல் வந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியாகிவிட்டது. ஒன்று இன்னொன்றாக மாற வழியே இல்லை. தூத்துக்குடியில் தமிழ் மட்டும் எழுதும் கடைக்காரர் பாமினியோடு எப்படியோ காலத்தை ஓட்டிவிடலாம். போடிமெட்டுக்கு இருபுறமும் வேலை செய்பவருக்கு அந்த வசதிகூட இல்லை.

“விரல் பாமினிக்குப் பழகிவிட்டது, மாற்றினால் வேகம் போய்விடும்” என்பது அடுத்த மறுப்பு. கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் இரண்டு வேறு பொருள்களைக் குழப்புகிறது. யூனிகோடு என்பது சேமிக்கும் முறை. விசைப்பலகை அமைப்பு என்பது தட்டும் முறை. என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பாமினி அமைப்பையோ பழைய தட்டச்சு அமைப்பையோ வைத்துக்கொண்டே யூனிகோட்டில் எழுதலாம். விரல் போகும் பாதை அப்படியே இருக்கும், கோப்பில் விழுவது மட்டும் உண்மையான தமிழாக இருக்கும். இதையொட்டிய இன்னொரு குறை, “தமிழ் விசைப்பலகை போட்டால் ஷார்ட்கட் எல்லாம் செத்துப்போகிறது” என்பது. தமிழ் அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது வி, பி போன்ற ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டுகள் வேலை செய்யாமல் போகலாம், உண்மை. எழுதி முடித்ததும் கன்ட்ரோல்-என்டர் அழுத்தி எழுத்து லேயரை விட்டு வெளியே வந்து, விசைப்பலகையை ஆங்கிலத்துக்குத் திருப்பினால் முடிந்தது. இதற்காக ஒரு மொழியின் குறியேற்றத்தையே தூக்கி எறிவதா?

“யூனிகோட்டில் அழகான எழுத்துரு இல்லை” என்பது 2005-ல் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருக்கலாம். விண்டோஸோடு வந்த லதாவை விட்டால் வேறு போக்கிடம் குறைவாக இருந்த காலம் அது. இன்று கூகுள் எழுத்துருத் தளத்தில் முக்தா மலர், பலூ தம்பி, கட்டமரன், ஹிந்த் மதுரை, அரிமா, பவனம் என்று தடித்ததும் மெலிந்ததும் துள்ளலானதுமாக வரிசை நீள்கிறது. எல்லாம் இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். அந்த வரிசையில் இருக்கும் மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவை வெளியிட்டது யார் தெரியுமா? கேரளத்தின் ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற தன்னார்வக் குழு. மலையாளத்துக்கு மீரா, ரசனா, மஞ்சரி ஆகியவற்றைப் பராமரிக்கும் அதே குழுதான். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழுக்கு எழுத்துரு வந்து சேர்ந்திருக்கிறது, இந்தப் பக்கம் நாம் இன்னும் பாமினிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அரசியல் போஸ்டர்களுக்கான சில கனத்த, கோணலான வடிவங்கள் பழைய குறியேற்றத்தில் மட்டும் கிடைக்கின்றன என்பது உண்மை. அந்த ஒரு தலைப்பு வரியை அதில் எழுதிக்கொள்ளுங்கள், கீழே உள்ள முகவரியையும் ஐம்பது பெயர்களையும் எதற்கு அதில் எழுதுகிறீர்கள்? “ஃபிளெக்ஸ் அச்சகத்தில் யூனிகோடு எடுக்காது” என்பதற்கு ஒரு வரி போதும்: அச்சகத்துக்குப் போவது டிஃப் அல்லது ஜேபெக் படம், படத்துக்குள் குறியேற்றம் ஏது?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கன்ட்ரோல்-இசட் ஒரு படிதான் பின்னே போகும் என்பது 2018 அக்டோபரோடு முடிந்த கதை, அதற்குப் பிந்திய பதிப்புகளில் எத்தனை முறை அழுத்தினாலும் படிப்படியாகப் போகும். கன்ட்ரோல்-டி போட்டுப் படத்தைச் சிறிதாக்கும்போது ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும் என்ற பாடமும் அதே பதிப்பில் தலைகீழானது. இப்போது பிடிக்காமல் இழுத்தால்தான் விகிதம் மாறாது, பிடித்தால் முகம் சப்பையாகும் அல்லது நீளும். வாழ்த்துப் பலகைகளில் சில தலைவர்கள் திடீரென்று பருத்துத் தெரிவதற்கு இந்தப் பழைய பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். 72 என்று இருக்கும் ரெசல்யூஷனை 300 என்று மாற்றினால் படம் தெளிவாகும் என்பது சுத்த மூடநம்பிக்கை. 1600 பிக்சல் அகலமுள்ள படத்தை 10 அடி அகலத்துக்கு அச்சிட்டால் அங்குலத்துக்கு 13 பிக்சல்தான் விழும், பெட்டிக்குள் எந்த எண்ணை எழுதினாலும் அது கூடாது. ரீசாம்பிள் செய்தால் மென்பொருள் ஊகித்து நிரப்பும், எடுக்காத விவரம் அதில் வராது. கேரள பிஎஸ்சி விண்ணப்பப் புகைப்படத்துக்கு 150 பிக்சல் அகலம், 200 பிக்சல் உயரம், 30 கேபிக்கு மேல் போகக் கூடாது என்று பிக்சலில்தான் அளவு சொல்கிறது. அதை 300-க்கு மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் எதற்கு என்று கேளுங்கள்.

மீண்டும் தமிழுக்கே வருகிறேன், விட மனமில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிலிருந்து தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, யூனிகோட்டை அதிகாரபூர்வக் குறியேற்றமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. இருந்தும் பயிற்சி மையங்கள் டிடிபி வகுப்பில் முதல் வாரம் பாமினி வரைபடத்தைத்தான் பிரதியெடுத்துக் கொடுக்கின்றன. புதிதாகக் கற்க வரும் பிள்ளைக்குப் பழகிய விரல் என்று ஒன்று கிடையாது, அவருக்குத் தமிழ்99-ஐக் கற்பிப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு, புள்ளி வேண்டிய இடங்களில் பலவற்றில் தானாக விழும். பூப்பாறையிலும் தேவிகுளத்திலும் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர ஒரு வாரம்கூடத் தேவையில்லை.

கடைகளில் குவிந்துகிடக்கும் பழைய பாமினிக் கோப்புகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எழுத்து லேயரில் உள்ள வரிகளை நகலெடுத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கி, திரும்ப லேயரில் ஒட்டி, எழுத்துருவை மாற்றினால் ஆயிற்று. இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சலும் இணைய முகவரியும் மாற்றியில் சிதைந்து தமிழாகிவிடும் என்பதால் அவற்றை முன்பே தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராஸ்டரைஸ் செய்து படமாக்கிவிட்ட லேயர்களில் எழுத்து மிஞ்சியிருக்காது, அவற்றை மட்டும் புதிதாகத் தட்ட வேண்டும்.