பம்பையும் ராப்பும் பங்காளிகளா?

ஆடி மாதம் சந்தவாசலில் பஸ்ஸில் இடம் பிடிப்பது பெரும்பாடு. எல்லாம் படவேடு ரேணுகாம்பாளுக்குப் பொங்கல் வைக்கப் போகும் கூட்டம், கூடவே பம்பை, உடுக்கை. பம்பைக்காரர் மூச்சு விடாமல் அம்மன் வர்ணிப்பு சொல்வதைக் கேட்டு, டீக்கடையில் ஒரு கல்லூரிப் பையன் அடித்துச் சொன்னான்: "இதாண்ணா ராப்பு. வெள்ளைக்காரன் நம்மகிட்டருந்து சுட்டுட்டான்." பக்கத்துப் பெஞ்சுப் பெரியவர் விடவில்லை: "போப்பா, அது சினிமாக்காரன் கொண்டாந்தது."

இரண்டும் முழுசாகச் சரியில்லை.

முதலில், ராப்பைச் செய்தவர்கள் வெள்ளைக்காரர்களே இல்லை. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. பள்ளி திறக்குமுன் புதுத்துணி எடுக்கக் காசு சேர்க்க சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தாள். அங்கே இசைத்தட்டு போட்டவர் அவள் அண்ணன், ஜமைக்காவில் பிறந்த டிஜே கூல் ஹெர்க். ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, ஆட்டத்துக்கு ஏற்ற தாளத் துண்டை மட்டும் நீட்டிக்கொண்டே போவது அவர் உத்தி. அதன்மேல் பேச்சு ஏறியது, ராப் வளர்ந்தது. வர்ணிப்புக்கும் ராப்புக்கும் முகஜாடை உண்டு, ரத்த உறவு கிடையாது. பம்பைக்கு அதனால் குறைச்சலும் இல்லை.

பெரியவர் சொன்னதில் பாதி நிஜம். 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'தான் அந்தச் சொல்லை நம் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. ஆனால் ராப்பையே முழுமூச்சாக எடுத்துக்கொண்டு 2006இல் 'வல்லவன்' ஆல்பம் போட்ட யோகி பி, நட்சத்ரா குழுவினர் மலேசியத் தமிழர்கள். அதிலுள்ள 'மடை திறந்து', 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின்மேல் கட்டியது. இங்கிருந்து கடல் கடந்த மெட்டு, ராப்பாக மாறி ஷேர் ஆட்டோவுக்கே திரும்பி வந்தது!

அடுத்த தப்பு, 'என்ஜாய் எஞ்சாமி' குழந்தைகள் ஆட ஒரு ஜாலிப் பாட்டு என்ற நினைப்பு. 2021 மார்ச்சில் வந்தது முதல் பள்ளி ஆண்டுவிழாக்களில் அப்படித்தான் ஆடுகிறார்கள். எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். இங்கிருந்து வேலூர் போய் மாறினால் அரை நாளில் எட்டிவிடும் ஊர். இயக்குநர் பா. இரஞ்சித் முன்னெடுப்பில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில், கானா, பறை, ராக் எல்லாம் கலந்த கூட்டத்தில், வளர்ந்தவர். பாட்டில் வரும் பாட்டி வள்ளியம்மாள் அவருடைய சொந்தப் பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்தவர். 1964இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 தோட்டத் தமிழரை ஆடுமாடு போல இந்தியா பக்கம் பிரித்து எழுதியது. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலமில்லை என்கிற ஒப்பாரி அந்தத் துள்ளலுக்குள் இருக்கிறது. இதைத் தெரிந்தபின் அந்த ஆட்டத்தை என்னால் பழையபடி ரசிக்க முடியவில்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் இந்தப் பாட்டை உடன் பாடிய தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் கேள்வி கேட்டார், சர்ச்சை வெடித்தது. அறிவுக்குத் தனி அட்டை அதற்கப்புறம்தான்.

கடைசியாக, கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலைத் தொழிலாளர்களுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது சோபியா அஷ்ரப்பின் 'கொடைக்கானல் வோன்ட்' ராப் என்ற பேச்சு. 2015இல் அது உலகமெல்லாம் சுற்றியது, தலைப்புச் செய்தியானது. மறுக்கவில்லை. 2016 மார்ச்சில் 591 பேருடன், ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் ஆலை மூடியது 2001இல். தொழிலாளர்கள் உயர் நீதிமன்றப் படி ஏறியது 2006இல். அவர்கள் நடந்து தேய்ந்த பாதையில் பாட்டு பிறகுதான் சேர்ந்துகொண்டது. மண்ணில் கிடந்த பாதரசத்தை அள்ளும் கணக்கோ அந்த உடன்பாட்டில் அடங்கவே இல்லை.