அந்த எட்டுக்கால் பூச்சியை அடிக்காதீர்கள்



தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ராத்திரி அடுப்படிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எட்டுக்கால் பூச்சி, வயிற்றுக்கடியில் வெள்ளையாக, வட்டமாக எதையோ சுமந்துகொண்டு நிற்கிறது. மாமியார் விளக்குமாற்றை எடுக்கச் சொல்கிறார், பிள்ளைகள் அலறுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தெருவில் மற்றவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

அந்த வெள்ளை வட்டம் முட்டைப் பை. உள்ளே நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கும். குஞ்சு வெளிவரும்வரை தாய் அதை உடம்புக்கடியில் அணைத்துச் சுமக்கும். இந்தச் சிலந்தி வலை பின்னாது. இருட்டியதும் கிளம்பி ஓடிப் பிடித்துத் தின்னும். கரப்பான் என்றால் விடாது. கால்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் நண்டுபோல இரு பக்கமும் பாய முடிகிறது. உடம்பு தட்டை என்பதால் பகலில் காலண்டருக்குப் பின்னாலோ கதவிடுக்கிலோ ஒண்டிக்கொள்ளும். ஆண், பெண்ணை அழைக்கக் கால்களை அதிரவைத்து மெல்லிய ரீங்காரம் எழுப்பும். அது நம் காதுக்கே கேட்கும்.

1767-இல் உயிரியலாளர் லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார்: இன்றைய பெயர் ஹெட்டரோபோடா வெனடோரியா. வெப்பமண்டல ஆசியாதான் பூர்வீகம். சரக்குக் கப்பல்களில் ஏறி ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், ஹவாய், புளோரிடா வரை போய்க் குடியேறிவிட்டது. வாழைத்தாரோடு போய் இறங்கியதால் அங்கெல்லாம் வாழைச் சிலந்தி என்றே ஒரு பெயர். உங்கள் ஊரில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனால் கிட்டங்கிகளும், மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றும் தோணிகளும் இருக்கின்றன. சாக்கு மடிப்பைவிட இதற்கு வசதியான இடம் ஏது?

விஷம் பற்றிக் கேட்டீர்கள். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. இது ஊர்ந்தாலே தோல் வெந்துபோகும் என்பது வீண்பழி. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும், சிவப்பும் கறுப்புமான ஒரு சிறு வண்டு உண்டு. அதைத் தோலில் வைத்துத் தேய்த்துவிட்டால் கோடுகோடாகப் புண்ணாகும். அந்தப் பழியையும் எத்தனையோ வீடுகளில் எட்டுக்கால் பூச்சியே சுமக்கிறது.

இதைவிடத் தட்டையான ஒன்றும் உண்டு: செலினாப்ஸ் ரேடியேட்டஸ். ஆப்பிரிக்கப் புல்வெளிகள் முதல் இந்தியா, சீனா வரை இருக்கிறது. மரப்பட்டைக்கும் கல்லுக்கும் அடியில் பகலைக் கழித்துவிட்டு இரவில் வேட்டையாடும். எட்டுக் கண்ணில் ஆறு முன்வரிசையில் இருக்கும். உங்கள் வீட்டுச் சிலந்திக்கு நாலு நாலாக இரண்டு வரிசை. செலினாப்ஸோ, இரை முதுகுப்புறம் வந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் சுழன்று கவ்வும். 2018-இல் செலினாப்ஸ் குடும்பத்துச் சிலந்திகளை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, அந்தச் சுழற்சியை அளந்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் பயந்தால் அகலமான கண்ணாடிப் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, முட்டைப் பை நழுவாமல் கொல்லையில் விறகடுக்குப் பக்கம் விடுங்கள். கரப்பானுக்கு மருந்து தெளிப்பதை அங்கே நிறுத்துங்கள். மருந்துண்ட கரப்பானைத் தின்றால் இதுவும் செத்துப்போகும். அடுத்த முறை குதிரைமொழிச் செம்மணல் தேரிப் பக்கம் போனால், செலினாப்ஸ் இருக்கிறதா என்று பனைமட்டை இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்வரிசையில் ஆறு கண் தெரிந்தால் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து அனுப்புங்கள்.