கரண்ட் வேறு, வெளிச்சம் வேறு



இந்த மாதம் வாய்ப்புண் பற்றிப் பேசப் போகிறோம். சூட்டினால் வந்து மணத்தக்காளிக் கீரை தின்றால் போய்விடுமே, அந்தப் புண் இல்லை. புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும்போது வருகிற புண்.

நமது கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் போட்டு கன்னத்தின் உள்பக்கம் கட்டி வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தது. பிறகு 30 நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். குழுவில் உள்கடன் கொடுத்து அனுப்பினோம். மூன்றாவது வாரம் போகாமல் நின்றுவிட்டார். விஷயம் தெரிந்து வீட்டுக்குப் போனால், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மொளகாப்பொடிய வாய்க்குள்ள அள்ளிப் போட்ட மாதிரி எரியுதும்மா. கரண்ட்டு வாயவே வேக வச்சிருச்சு" என்றார். வெளிச்சம் காட்டினால் புண் ஆறும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக அவர் மகள் சொன்னதும், "ஐயோ, இன்னொரு கரண்ட்டா? வேணவே வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

தப்பு எங்கள் பேரிலும் உண்டு. கடன் கொடுத்த அன்று தவணை எத்தனை, வட்டி எத்தனை என்று பேசினோமே தவிர, மூன்றாவது வாரம் வாய் எப்படி இருக்கும் என்று ஒருவரும் பேசவில்லை.

கரண்ட் என்று நாம் சொல்வது மின்சாரம் இல்லை. அது கதிர்வீச்சு. வேகமாக வளரும் செல்களை அது அழிக்கும். புற்றுநோய் செல் வேகமாக வளரும். நமது வாயின் உள்தோலும் அப்படித்தான், ஓரிரண்டு வாரத்துக்குள் பழசு உதிர்ந்து புதுசு வந்துவிடும். அதனால் அதுவும் அடிபடுகிறது. பழைய தோல் உதிர்கிறது, புதுத் தோல் வந்து சேரவில்லை. அதனால்தான் முதல் வாரம் ஒன்றும் தெரியாமல், இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வாய் சிவந்து புண்ணாகிறது. தலை, கழுத்துப் பகுதியில் கரண்ட் வைத்துக்கொள்கிற அநேகம் பேருக்கு இது வரும். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை. கரண்ட் முடிந்து சில வாரங்களில் ஆறத் தொடங்கும்.

ஆனால் பாதியில் நிறுத்தினால்தான் ஆபத்து. இடைவெளி விட்ட நாட்களில் மிச்சமிருக்கும் புற்றுநோய் செல்கள் மறுபடி பெருகும். அதுவரை பட்ட பாடு வீணாகிவிடலாம்.

இப்போது அந்த வெளிச்சத்துக்கு வருவோம். 1967-ல் ஹங்கேரி நாட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளியால் புற்றுநோய் வருமா என்று பார்க்க, எலிகளின் முடியைச் சிரைத்துவிட்டு அந்த ஒளியைக் காட்டினார். புற்றுநோய் வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் முளைத்தது! அதிலிருந்து வளர்ந்ததுதான் குறைந்த சக்தி லேசர் சிகிச்சை. போட்டோபயோமாடுலேஷன் என்றும் சொல்வார்கள், பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. இது சிவப்பு ஒளி, அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. சுடாது, வலிக்காது, கதிர்வீச்சும் கிடையாது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதி (பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கேட்டால் படம் போட்டே காட்டும்) இந்த ஒளியை வாங்கிக்கொண்டு கூடுதலாக வேலை செய்கிறது. வீக்கம் தணிந்து, புதுத் தோல் வளர உதவுகிறது.

நோயாளியை உட்கார வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, பேனா போன்ற கருவியால் உதடு, கன்னம், நாக்கின் ஓரம் என்று இடம் இடமாகச் சில விநாடிகள் காட்டுவார்கள். கட்டி இருக்கும் இடத்தின் மேல் நேராகக் காட்டுவதைத் தவிர்ப்பார்கள். கர்நாடகத்தில் மணிப்பால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 221 நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒளி காட்டியவர்களுக்குக் கடுமையான புண்ணும் வலியும் குறைவு, வலி மாத்திரையின் தேவையும் குறைவு. 2020-ல் வந்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதலும் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பவர்களுக்குப் புண் வராமல் தடுக்க இதைப் பரிந்துரைக்கிறது.

புண் வராமல் தடுக்க என்பதைக் கவனியுங்கள். வாய் வெந்த பிறகு ஓடுவதைவிட, கரண்ட் தொடங்கும் முன்பே கேட்பதுதான் நல்லது. "டாக்டர், வாய்ப்புண் வராம இருக்க லேசர் வெளிச்சம் இங்க வைப்பாங்களா? இல்லேன்னா எங்க போகணும்? எவ்வளவு செலவாகும்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி கிடையாது. அதற்காகக் கடையில் விற்கிற சிவப்பு விளக்கை வாங்கி வாய்க்குள் காட்ட வேண்டாம். அளவு தெரியாமல் செய்கிற காரியம் இல்லை இது.

வெளிச்சம் கிடைக்காதவர்களும் செய்யக்கூடியது உண்டு. ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, நாளைக்கு நாலைந்து முறை கொப்பளித்துத் துப்புங்கள். மெதுவான பிரஷ் போதும், சாம்பல், செங்கல் தூள் கூடாது. காரம், புளி வேண்டாம். குழைந்த சாதத்தில் பருப்புத் தண்ணீர், ஆறின கஞ்சி, பாலில் ஊறின இட்லி இறங்கும். வெற்றிலை, புகையிலை அடியோடு கூடாது. வாயில் வெள்ளை படிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிக்கு நல்ல மருந்து இருக்கிறது, பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

அந்த அக்கா ஒன்பது நாள் போகாமல் இருந்தார். பத்தாம் நாள் குழுவிலிருந்து இரண்டு பேர் கூடப் போனார்கள். முதல் நாள் வெளிச்சம் காட்டியபோது, கருவியை வெளியே எடுத்த பிறகும் வாயை மூடாமல், "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாராம். விட்ட இடத்திலிருந்து கணக்குப் போட்டு மிச்ச நாட்களை முடித்துவிட்டார். விட்டுப்போன அந்த ஒன்பது நாளைப் பற்றி டாக்டருக்கு இன்னும் கவலை இருக்கிறது. மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் கூடப் போவது யார் என்று குழுக் கூட்ட நோட்டில் முறை போட்டு எழுதியிருக்கிறோம்.