கொல்லிமலைக்குக் கிளம்புமுன்...

* காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். இரண்டு இட்லி போதும். குமட்டினால் எலுமிச்சம்பழத்தை முகரலாம்.

* வளைவுதோறும் ஹாரன் அடியுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

* இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். முதல் அல்லது இரண்டாம் கியரில் இறங்குங்கள். கருகிய வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள்.

* ஆகாய கங்கை அருவிக்கு 1,000-க்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது எளிது, ஏறும்போதுதான் முழங்கால் பேசும். வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள். பாதித் தண்ணீரை ஏறுவதற்கென்று மிச்சம் வையுங்கள்.

* தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்கு பறித்துவிடும்.

* திரும்பும் வழியில் சோளக்காடு சந்தையில் மிளகும் மலைவாழையும் வாங்கலாம். துணிப்பை கையோடு இருக்கட்டும்.