கொடுமணலில் பார்க்க என்ன இருக்கிறது?

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணலுக்குப் போய் வந்த கையோடு நீ எழுதியது கிடைத்தது. “ஐயா, சோளக்காடு, கிளுவை வேலி, அங்கங்கே சாய்ந்து கிடக்கிற கல்லு. பார்க்க ஒண்ணுமே இல்லை. இதுக்கா இத்தனை பேச்சு?” என்று கேட்டிருக்கிறாய். அதோடு நிறுத்தியிருந்தால் சிரித்துக்கொண்டே பதில் எழுதியிருப்பேன். உங்கள் வகுப்பில் சுற்றி வருகிறது என்று ஒரு செய்தியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாயே, அதுதான் எரிச்சலைக் கிளப்பிவிட்டது. எகிப்துப் பிரமிடுகளைக் கொங்கு நாட்டு உருக்கு உளிகளால் செதுக்கினார்களாம்! பார்க்க ஒன்றும் இல்லை என்று நினைக்கிறவர்களுக்குத்தான் பிரமிடு தேவைப்படுகிறது. ஆகவே உன் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிரமிடை இடித்துத் தள்ளிவிடலாம். கூஃபு மன்னனின் பெரும் பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைக் கட்டியவர்கள் செப்பு உளியும், கடினமான கற்குண்டும், தேய்க்க மணலும் வைத்து வேலை செய்தவர்கள். கொடுமணலுக்கு எவ்வளவு தாராளமாக வயது போட்டாலும் கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டைத் தாண்டாது. நடுவே ஆயிரத்தைந்நூறு ஆண்டு பள்ளம். “சிவகளை இரும்புக்கு 2025இல் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை தேதி சொல்லியிருக்கிறார்களே” என்பாய். சொல்லியிருக்கிறார்கள். அது தாமிரபரணிக் கரை. அந்தத் தேதியை வைத்துக் கொடுமணலின் வயதைக் கூட்ட முடியாது. இரும்பு கப்பலேறி எகிப்துக்குப் போனது என்றும் காட்ட முடியாது.

இந்தக் கதையின் மூலம் எது தெரியுமா? பறங்கிப்பேட்டையில் 1830இல் இரும்பாலை தொடங்கிய ஜே. எம். ஹீத் என்ற ஆங்கிலேயர். எகிப்துக் கல்தூண்களின் அவ்வளவு கடினமான கல்லில் எழுத்து வெட்ட இந்திய உருக்கு இல்லாமல் முடிந்திருக்காது என்று அவர் எழுதிவைத்தார். இந்திய இரும்பில் முதல் போட்டவர் அதன் புகழைப் பாடுவதில் வியப்பில்லை. அவருடைய ஊகம் கைமாறிக் கைமாறி, கல்தூண் பிரமிடாகி, இந்தியா கொங்கு நாடாகி, இன்றைக்கு நம் தொன்மைப் பெருமையாக உன் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சரி, ஊருக்கு வருவோம். 1961இல் வி. என். சீனிவாச தேசிகன் இந்த இடத்தைக் கண்டு குறித்தார். 1985இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வைத் தொடங்கியது. சுப்பராயலு, ராஜன், நம் புலவர் செ. இராசு ஆகியோர் அந்தக் காலத்துப் பெயர்கள். பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம், மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகள் என்று வரிசையாக வந்தார்கள். மக்கள் குடியிருந்த பகுதி ஏறக்குறைய 50 ஏக்கர். ஈமக்காடு 100 ஏக்கர். நீ பார்த்த சாய்ந்த கற்கள் அந்த ஈமக்காட்டைச் சேர்ந்தவை. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. கல் பதித்த ஒரு வெண்கலப் புலியும் கிடைத்தது. செய்தித்தாள்களுக்கு அந்தப் புலியைத்தான் பிடிக்கும். எனக்கு அது இரண்டாம்பட்சம்.

நீ பார்க்காமல் மிதித்து நடந்ததைச் சொல்கிறேன், கேள். வாழ்விடப் பகுதியில் அகழ்ந்தபோது மூலக்கல், உடைத்த சில்லு, உருட்டிய உருண்டை, மெருகேற்றித் துளையிடாத மணி, பாதி துளையோடு பிளந்துபோன மணி என்று ஒவ்வொரு கட்டத்திலும் நின்றுபோன வேலை கிடைத்தது. இந்தப் பாதி துளை மணிதான் என் பைத்தியம். உன் சீனியர்களைக் கேள், சொல்வார்கள். படிகம் கடினமான கல். முதலில் அதைத் தட்டித்தட்டி மணியின் பருமனுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கல்லில் தேய்த்து உருவாக்க வேண்டும். அதன் பிறகுதான் துளை. நுனியில் வைரத்துகள் வைத்த துரப்பணத்தை வில்லால் சுழற்றியிருப்பார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. ஒரு பக்கமிருந்தே கடைசிவரை துளைத்தால், மறுபக்கம் நுனி வெளியே வருகிற நேரத்தில் கல் தெறித்துவிடும். அதனால் பாதிவரை இந்தப் பக்கம், மீதி அந்தப் பக்கம். இரண்டு துளையும் உள்ளே நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். கொஞ்சம் கோணினால் நூல் போகாது. அழுத்தம் கூடினால் மணி இரண்டாகும். அத்தனை நாள் வேலையும் கடைசிக் கட்டத்தில் போச்சு. அவன் அதை வீசி எறிந்தான். வீசி எறிந்ததால்தான் நமக்குக் கிடைத்தது. நன்றாக வந்த மணி எல்லாம் விற்றுப் போய்விட்டது, அம்மிணி. அதை ஊரிலேயே தேடி என்ன பயன்?

கழிவுதான் சான்று. இது என் கட்சி. ஓர் ஊரில் நல்ல மணி கிடைத்தால் அந்த ஊரார் மணி வாங்கும் வசதி உள்ளவர்கள் என்று மட்டுமே சொல்லலாம். உடைந்த மணியும் சில்லும் கிடைத்தால்தான் அங்கே பட்டறை இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியும். திருப்பூரில் ஒரு தெருவில் பனியன் கம்பெனி இருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாய்? வாசலில் மூட்டை கட்டிக் கிடக்கிற வேஸ்ட் துணியை வைத்துத்தானே? கொடுமணலுக்கும் அதே கணக்கு. அரண்மனை தேடிப் போகாதே. அது கரூர்ப் பக்கத்துச் சமாசாரம். கொடுமணல் தொழில் நடந்த ஊர், தலைநகரம் அல்ல.

பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் ‘கொடுமணம்’ என்ற ஊரைச் சொல்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். இரண்டு இடத்திலும் பந்தர் என்ற ஊரும் கூடவே வருவதைக் கவனித்தாயா? அரிசில்கிழார் பாட்டில் பந்தர் தருவது முத்து, கொடுமணம் தருவது வேலைப்பாடு மிக்க அணிகலம். புலவர்கள் அதை விளைபொருளாகப் பார்க்கவில்லை, கைவேலையாகப் பார்த்தார்கள். அகழாய்வுக்குழியும் அதையே சொல்கிறது.

இந்த ஊரை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. சுற்றுவட்டாரத்தைச் சேர்த்துப் பார். காங்கயம் – திருப்பூர் சாலையில் இருக்கிற படியூரில் பெரில் கல். 1819–20இல் ஓர் ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் போட்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்த கணக்கு இருக்கிறது. சிவன்மலையில் குருந்தக்கல், கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது, மற்ற கற்களைத் தேய்த்து மெருகேற்ற நல்ல பொருள். அரசம்பாளையம், வெங்கமேட்டுப் பக்கம் படிகம். சென்னிமலை அடிவாரத்தில் இரும்புத் தாது. கொடுமணலில் அதை உருக்கிய உலைகளின் எச்சமும் இரும்புக் கசடும் கிடைத்திருக்கின்றன. எல்லாம் ஒரு நாள் நடைக்குள். சூதுபவளம் மட்டும் வெளிச் சரக்கு; குஜராத் பக்கமிருந்து வந்தது. மூலக்கல் அவ்வளவு தூரம் தாண்டி இங்கே வருகிறது என்றால், அதை மணியாக்கும் கைத்திறன் இங்கே இருந்தது என்று பொருள்.

வழியும் வாய்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டிருக்கிற இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். முசிறியிலிருந்து ஏறி, வெள்ளலூர், சூலூர் வழியாக நொய்யலை ஒட்டியே நடந்தால் கொடுமணல். மேலே நடந்தால் கரூர். அந்த வழி நெடுக ரோமானியக் காசுக் குவியல்கள். வெள்ளலூரில் 1842இலேயே கிடைத்தது. கொடுமணலுக்குப் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக்காசுகள் இருநூறுக்கும் மேல். ஆனால் ‘ரோமாபுரியார் கொடுமணலில் குடியிருந்தார்கள்’ என்று யாராவது பேசினால் எழுந்து நின்று கேள்: பானை ஓட்டில் எழுதியிருக்கிற பெயர் யாருடையது? ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துப் பொறித்த ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆதன், சாத்தன் என்று தமிழ்ப் பெயரும், சம்பன் சுமணன் என்று வடக்கிலிருந்து வந்த பிராகிருதச் சாயல் பெயருமாக இருக்கின்றன. யவனன் காசைக் கொடுத்துச் சரக்கை வாங்கினான். பட்டறையை நடத்தியவர்கள் இவர்கள்.

ரோமாபுரி என்றதும் பிளினி நினைவுக்கு வந்துவிட்டார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது செத்துப்போன மனிதர். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று அவர் புலம்பியதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதோடு மூடி வைத்துவிடுவார்கள். நான் சொல்வது அவருடைய கடைசிப் புத்தகம், முப்பத்தேழாவது. முழுக்கக் கற்களைப் பற்றியது. இந்தியர்கள் பெரிலை ஆறு பட்டையாக வெட்டுகிறார்கள், நீளமான பெரிலை மிகவும் விரும்புகிறார்கள், தங்கத்தில் பதிக்காமல் துளையிட்டு யானை மயிரில் கோக்கிறார்கள் என்கிறார். பெரில் இயற்கையிலேயே ஆறு பட்டையாக விளைகிற கல். கல்லின் போக்கிலேயே வெட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறார்: படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரில் என்று விற்கிறார்களாம்! போலிச் சரக்கு ஓடுகிறது என்றால் அசலுக்கு நல்ல கிராக்கி இருந்தது என்று அர்த்தம். பாடப்புத்தகத்தின் மிளகு வாணிபத்தோடு நிற்காமல் இந்த முப்பத்தேழாவது புத்தகத்தையும் ஒருமுறை படி. கல்லூரி நூலகத்தில் இல்லாவிட்டால் என்னிடம் வந்து வாங்கிக்கொள். திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

கிழக்கேயும் பார்வை போகட்டும். தென் தாய்லாந்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழில் பொறித்த உரைகல் கிடைத்தது. பொற்கொல்லன் ஒருவனின் கருவி அது. பாலித் தீவின் செம்பிரான் என்ற கடற்கரைக் கிராமத்திலும் இந்திய மணிகளும் இந்தியப் பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. சரக்கு மட்டுமா போனது? கருவியோடு கைவினைஞனும் போயிருக்கிறான்.

இவ்வளவு தொழில் இந்தக் காய்ந்த பூமியில் ஏன் வளர்ந்தது? மழை மறைவுப் பகுதி என்பதால்தான் என்பேன். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டிய மழையில் நெல்லை நம்பிப் பிழைக்க முடியாது. காங்கயம் பக்கத்துக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பார். கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். உழ முடியாத நிலத்தைப் புல்லாக வைத்து, புல்லைக் காளையாக்கி விற்றவர்கள் நம்மவர்கள். கல்லிலும் இரும்பிலும் அதையே செய்தார்கள். சென்னிமலைக்காரர் பெட்ஷீட் நெய்வதும் எனக்கு அந்த வரிசையில்தான் வரும். நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை. நீயும் எதிர்த்து எழுது, படிக்கிறேன்.

நொய்யலையும் பார்த்திருப்பாய். கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து நிறைந்தது. “எங்களுக்கு இந்தத் தண்ணீர் வேண்டாம்” என்று உழவர்களே சொல்லும் நிலை. 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது வரை வழக்கு நடந்தது. கொடுமணல் பட்டறைக்காரன் விட்டுப்போன கழிவு மண்ணில் சும்மா கிடந்தது. நம் தலைமுறையின் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. பழம்பெருமை பேசுகிற மேடைகளில் இதையும் சேர்த்துப் பேசு என்றால் ஒலிபெருக்கியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒரு கண்டிப்பு. “ஞாபகமா ரெண்டு ஓட்டுச்சில்லு எடுத்து வந்தேன்” என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய். அது ஞாபகப் பொருள் இல்லை, கண்ணு. எந்தக் காட்டில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு. எடுத்த இடம், வேலியிலிருந்து எத்தனை அடி, பக்கத்தில் என்ன கிடந்தது என்று நினைவில் இருப்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, சில்லோடு சேர்த்து உறையிலிட்டு ஈரோடு அரசு அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிடு. அடுத்த முறை மழை பெய்து ஓய்ந்த வாரத்தில் போ. மண் கரைந்து படிகச் சில்லுகள் வெயிலில் கண்ணுக்குத் தெரியும். குனிந்து பார், படம் எடு, அளவுக்குப் பக்கத்தில் பேனாவை வை. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொள்.

அன்புடன்,
உன் ஐயா