ஆகாய மார்க்கமாக மறைபணி

கப்பர்நகூமில் இயேசுநாதர் போதித்துக்கொண்டிருந்த வீட்டின் கூரையைப் பிரித்து, திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் படுக்கையோடு இறக்கிய நிகழ்ச்சியை நாம் அறிவோம் (மாற்கு 2:1-12). ஆண்டவர் அந்த நோயாளியின் விசுவாசத்தை மட்டும் பார்த்தார் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. அவர்கள் எல்லோருடைய விசுவாசத்தையும் கண்டார் என்றே எழுதுகிறார். அந்த நால்வர் ஒரு வார்த்தை பேசியதாகவோ செபித்ததாகவோ குறிப்பில்லை. தூக்கி வந்தார்கள், கூட்டத்தைக் கண்டும் திரும்பிப் போகவில்லை.

தூக்கிச் செல்வது என்றால் என்னவென்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோயாளியைக் கம்பளியில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, மேற்பிரிவிலிருந்து இறக்கி வந்த கதைகளைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்பு கொழுந்து லொறி வந்தது. பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ தாய்மார் அந்த லொறியின் தட்டில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 1904-ல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாகச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. உடப்புசல்லாவைப் பாதை என்று அதற்குப் பெயர். ஆனால் இராகலையோடு நின்றுவிட்டது! தேயிலைப் பெட்டிகளை நினைத்துப் போட்ட பாதை அது. 1940-களில் அதுவும் மூடப்பட்டது.

இப்படித் தூரத்தால் ஓர் உயிர் போனதிலிருந்துதான் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆகாய மறைபணியும் பெரிய அளவில் தொடங்கிற்று. போல் ஷுல்ட்டே என்ற ஜேர்மானியர் 1895-ல் பிறந்தவர். முதலாம் உலக மகாயுத்தத்தில் விமானியாக இருந்தவர். யுத்தம் முடிந்தபின் அமலமரித் தியாகிகள் சபையில் 1922-ல் குருவானார். 1847-ல் நம் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பிற இடங்களிலும் உழைத்த அதே சபைதான். அவருடைய நண்பரும் அதே சபைக் குருவுமான ஒட்டோ ஃபூர்மன், இன்று நமீபியா எனப்படும் நாட்டின் வடபகுதியில் மறைபரப்பாளராயிருந்தார். 1925-ல் அவர் நோயுற்றார். மருந்தும் மருத்துவரும் உலகில் இல்லாமல் இல்லை. வைத்தியம் கிடைக்கும் இடத்துக்கு வேகமாய்க் கொண்டுபோக வாகனம்தான் இல்லை. அவர் இறந்தார்.

அந்தச் செய்தி ஷுல்ட்டே அடிகளாரை விடவில்லை. மனிதரைக் கொல்லக் கற்ற வித்தையை மனிதரைக் காக்கத் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்தார். 1927-ல் மீவா என்ற அமைப்பைத் தொடங்கினார். நிலத்தாலும் கடலாலும் வானத்தாலும் கிறிஸ்துவை எதிர்கொள்ளச் செல்வது என்பது அதன் விருதுவாக்கின் பொருள். மறைபரப்புத் தளங்களுக்கு மோட்டார் வாகனமும் படகும் விமானமும் வாங்கிக் கொடுப்பதே அதன் வேலை.

உலகம் இவரை அதிகம் அறிந்தது வேறொரு காரியத்தால். 1936 மே மாதத்தில் ஹிண்டன்பேர்க் என்ற பெரிய ஆகாயக் கப்பலில், பாப்பரசர் பதினோராம் பத்திநாதரின் அனுமதியோடு, அட்லாண்டிக் கடலுக்கு மேலே திருப்பலி நிறைவேற்றினார். ஹைட்ரஜன் வாயு நிரம்பிய கப்பலாதலால் பீடத்து மெழுகுதிரிகளில் சுடர் இல்லை. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. எம் எண்ணத்தில் அதைவிடப் பெரியது 1938-ல் நடந்தது. கனடாவின் வடகோடியில், பனிக்கடலோரமான ஆர்க்டிக் பே என்னுமிடத்தில் கொச்சார் என்ற சபைக் குரு கடும் நோயில் கிடந்தார். ஷுல்ட்டே தம் சிறு விமானத்தில் அங்கே பறந்துபோய், அவரை ஏற்றிக்கொண்டு, கன்னியர் நடத்திய செஸ்டர்ஃபீல்ட் மருத்துவமனையில் சேர்த்தார். 1925-ல் ஒரு நண்பனுக்குச் செய்ய முடியாததை இன்னொரு சகோதரனுக்குச் செய்து முடித்தார்.

இனி, இந்தப் பணியில் இருப்பவர்களின் அன்றாட வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். அதை நன்றாகக் காண நியூகினித் தீவுக்குப் போக வேண்டும். செங்குத்தான மலைகள், சதுப்பு நிலம், பாதையில்லாக் காடு. இறைவார்த்தை சபையைச் சேர்ந்த லியோ ஆர்க்ஃபெல்ட் 1948-ல் ஆயராகி, வேவாக் பகுதியில் தாமே விமானம் ஓட்டித் தம் மந்தையைச் சந்தித்தார். பறக்கும் ஆயர் என்றே பெயர் பெற்று 1999-ல் மறைந்தார்.

அங்கே விமானி விடியுமுன் எழும்ப வேண்டும். நம் ஊரைப் போலவே பகல் ஏற ஏற மலையிடுக்குகளை மூடுபனி அடைத்துவிடும். ஏறுமுன் பயணிகளையும் மூட்டை முடிச்சுகளையும் தராசில் நிறுப்பார்கள். கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்துப் பழகிய நம் பெண்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் தராசில் கிலோக் கணக்குப் பிசகினால் கூலி குறைவதில்லை, உயிர் போகும். பல ஓடுபாதைகள் மலைச்சரிவிலேயே அமைந்தவை. மேல்நோக்கி இறங்கி, கீழ்நோக்கி ஓடி எழும்ப வேண்டும். முன்னே மலை நிற்பதால், தவறினால் மறுபடி எழும்பிச் சுற்றிவர இடமிராது. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுபோவது என்ன? உப்பு, மருந்து, பாடப் புத்தகம், கூரைத் தகரம். திரும்பும்போது கால் முறிந்தவர், கர்ப்பிணி, சில வேளை ஒரு சவப்பெட்டி.

பிரிந்த சகோதரர்களும் இதில் பின்நிற்கவில்லை. யுத்தத்தில் பறந்த விமானிகள் 1945-ல் அமெரிக்காவில் மறைபரப்பு விமானச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1946-ல் அதன் முதல் விமானத்தை மெக்சிக்கோவுக்கு ஓட்டிச் சென்றவர் பெற்றி கிறீன் என்ற பெண்மணி. நியூகினியில் இத்தகைய விமானப் பணியில் ஈடுபட்ட லூத்தரன் சபையினரான ஹரி ஹார்ட்விக் 1951-ல் மலையில் விமானம் மோதி இறந்தார். மலையும் மேகமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை மஸ்கெலியா ஏழு கன்னியர் மலை நமக்கும் காட்டியிருக்கிறது. 1974 டிசம்பர் 4-ல் அங்கே 191 பேர் மாண்டார்கள்.

நம் தீவு சிறியது. புனித யோசேவ் வாஸ் அடிகளார் 1692-ல் கண்டிக்கு நடந்தே வந்தார். இன்று அவ்வூருக்குப் பஸ் ஓடுகிறது. ஆகையால் மறைபரப்பு விமானம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதற்குப் பதில் சொல்லிற்று. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிந்து பாதைகள் அறுந்தபோது, உணவும் மருந்தும் ஹெலிகொப்டரில்தான் பல இடங்களுக்கு வந்தன. ஒரே இரவில் நாமும் நியூகினி ஆகிவிட்டோம்.

ஒஸ்திரியா நாட்டு மீவா, ஆண்டுதோறும் புனித கிறிஸ்தோபர் திருநாளையொட்டி வாகனம் ஓட்டுவோரிடம் காணிக்கை கேட்கிறது. விபத்தில்லாமல் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஒரு சதத்தின் பத்திலொரு பங்கு. அந்தச் சில்லறையில் சைக்கிளும் படகும் அம்புலன்ஸும் உலகெங்கும் போகின்றன.

நற்செய்திப் பகுதியை வாசித்தபின் குடும்பமாகப் பேச:

நம் லயத்தில் நள்ளிரவில் ஒருவர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவோம்? 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

அம்புலன்ஸ் நிற்கும் பாதைவரை தூக்கிச் செல்லும் அந்த நால்வர் நம் வரிசையில் யார் யார்?